வீட்டுச் சிறு கணினியில் ஐபி முகவரித் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஸ்பெர்ரி பை மாதிரி உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை வீட்டில் ஓட விட்டிருப்பவர்களுக்கானது இது. படங்களைச் சேமிக்க, விளம்பரங்களைத் தடுக்க, கேமராவைக் கவனிக்க என்று ஏதோ ஒரு வேலைக்காக, திரையும் கீபோர்டும் இல்லாமல் அது ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் திடீரென்று ஆளைக் காணோம். உடனே ரௌட்டரை அணைத்துப் போடுவோம். அதற்கும் மசியாவிட்டால் மெமரி கார்டை அழித்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக நிறுவுவோம். அந்த உழைப்பு பெரும்பாலும் வீண். கணினியின் முகவரியை நிதானமாகப் படித்தாலே கோளாறு கேபிளிலா, வைஃபையிலா, ரௌட்டரிலா என்று தெரிந்துவிடும். அணைத்துப் போட்டால் அந்தத் தடயமும் சேர்ந்து அழிந்துவிடும். அதனால் முதலில் படியுங்கள், பிறகு கை வையுங்கள்.

கட்டளைகளை வாயால் சொல்வது போலத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது, நான் தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் சிறிய ஆங்கில எழுத்துகள்தான்.

ஐபி முகவரி யாருக்குச் சொந்தம்? கணினிக்கா, கேபிளுக்கா?

இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இன்டர்ஃபேஸுக்கு. கேபிள் செருகும் போர்ட் ஓர் இன்டர்ஃபேஸ். வைஃபை சிப் இன்னொன்று. கணினி தனக்குள்ளேயே பேசிக்கொள்ள வைத்திருக்கும் ‘லோ’ என்ற லூப்பேக் மூன்றாவது. கேபிளும் வைஃபையும் இணைந்திருந்தால் ஒரே பெட்டிக்கு இரண்டு முகவரிகள் இருக்கும். அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

கேபிள் போர்ட், வைஃபை சிப் ஒவ்வொன்றுக்கும் மேக் முகவரி என்ற 48 பிட் அடையாளமும் உண்டு. மேக் என்பது அங்க மச்சம் மாதிரி, பொதுவாகக் கூடவே இருக்கும். ஐபி முகவரி வாடகை வீட்டு எண் மாதிரி, மாறலாம். இந்த வித்தியாசம் மனதில் நின்றுவிட்டால் கீழே வரும் பாதிச் சிக்கல்கள் தாமாகவே புரியும்.

இப்போது என்ன முகவரி இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

‘ஐபி ஏ’ என்று அடியுங்கள். ஐ, பி என்ற இரண்டு எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு ஏ. அவ்வளவுதான். பழைய பாடங்களில் வரும் ‘ஐஎஃப்கான்ஃபிக்’ பல புதிய இயங்குதளங்களில் நிறுவப்பட்டே வருவதில்லை. அந்தக் கட்டளை கிடைக்கவில்லை என்று வந்தால் கணினி கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள்.

வரும் பதிலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விடக் கூடாது. கேபிள் போர்ட் ‘ஈத்0’ என்றும் வைஃபை ‘டபிள்யூலான்0’ என்றும் பெரும்பாலும் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் கூம்பு அடைப்புக்குள் சில சொற்கள் தெரியும். ‘அப்’ என்றால் மென்பொருள் அந்த இன்டர்ஃபேஸை இயக்கி வைத்திருக்கிறது. ‘லோயர் அப்’ என்றால் மறுமுனையிலிருந்து சிக்னலும் வருகிறது. ‘நோ கேரியர்’ என்றால் சிக்னல் இல்லை. அப் மட்டும் இருந்து லோயர் அப் இல்லையென்றால், கேபிளிலோ வைஃபை இணைப்பிலோதான் தகராறு. முகவரி அமைப்புகளைத் தொடவே வேண்டாம்.

அடுத்து ‘ஐநெட்’ என்று தொடங்கும் வரி. அதில் 192.168.1.23/24 என்பது போல ஒன்று இருக்கும். அதே வரியில் ‘டைனமிக்’ என்ற சொல் இருந்தால் முகவரி ரௌட்டர் கொடுத்தது. அதற்குக் கீழே வரும் நொடிக்கணக்கு, அந்த முகவரி இன்னும் எவ்வளவு நேரம் செல்லும் என்பதைச் சொல்கிறது. நொடிகளுக்குப் பதில் ‘ஃபாரெவர்’ என்று இருந்தால் பெரும்பாலும் யாரோ கையால் நிரந்தரமாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன் நீங்களே எழுதி மறந்துபோன நிலையான முகவரியை இந்த ஒரு சொல் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

திரையே இல்லை. எங்கே போய் இந்தக் கட்டளையை அடிப்பது?

முகவரி தெரிந்தால் போதும், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைந்து கட்டளை அடிக்கும் வழி) மூலம் வேறொரு கணினியிலிருந்தே அடிக்கலாம். பிரௌசரில் திறக்கும் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில், அதோடு இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும். அங்கே தொடங்குங்கள். பெயர் தெரியாவிட்டால் மேக் முகவரியின் முதல் பாதியைப் பாருங்கள். அது தயாரித்தவரைக் குறிக்கும். ராஸ்பெர்ரி பையின் பழைய போர்டுகள் பலவற்றில் அது ‘பி8:27:ஈபி’. நான்காம் தலைமுறைப் போர்டுகளில் ‘டிசி:ஏ6:32’ பரவலாகக் காணக் கிடைக்கும்.

இரண்டாவது வழி, கணினியின் பெயரோடு ‘டாட் லோக்கல்’ சேர்த்து பிங் செய்வது, அதாவது “இருக்கிறாயா?” என்று கூப்பிட்டுப் பார்ப்பது. ராஸ்பெர்ரி பையின் இயல்புப் பெயரை மாற்றாமல் இருந்தால் ‘ராஸ்பெர்ரிபை டாட் லோக்கல்’. எம்டிஎன்எஸ் என்ற இந்த முறையில் ரௌட்டரின் தயவு தேவையில்லை. கேள்வி 5353 என்ற போர்ட் (இது மென்பொருளின் வாசல் எண், கேபிள் செருகும் போர்ட் வேறு) வழியாக நெட்வொர்க்கில் எல்லோருக்கும் போகும், அந்தப் பெயருக்கு உரியவர் பதில் சொல்வார். சில ரௌட்டர்களில் விருந்தினர் வைஃபை சாதனங்களை ஒன்றையொன்று பார்க்க விடாது. உங்கள் போன் அதில் இணைந்திருந்தால் எந்தத் தேடலும் எதையும் காட்டாது. அரை நாள் தேடிவிட்டு இதைக் கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர்.

இரண்டும் பலிக்கவில்லையா? திரையையும் கீபோர்டையும் பத்து நிமிடம் இரவல் வாங்கிச் செருகிவிடுங்கள். அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

முகவரி 169.254 என்று தொடங்குகிறது. இது எங்கிருந்து வந்தது?

எங்கிருந்தும் வரவில்லை. கணினி தானே வைத்துக்கொண்டது. கண்டறிய எளிதான அறிகுறி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வழக்கமாக நடப்பது என்னவென்றால், புதிதாக இணையும் கணினிக்கு முகவரி எதுவும் இருக்காது. அதனால் 0.0.0.0 என்ற வெற்று முகவரியிலிருந்து 255.255.255.255 என்ற எல்லோருக்குமான முகவரிக்கு, “யாராவது எனக்கு முகவரி தருவீர்களா?” என்று கூவும். இதுதான் டிஎச்சிபி. ரௌட்டர் அதைக் கேட்டு, “இந்த எண்ணை வைத்துக்கொள்கிறாயா?” என்று ஒன்றை நீட்டும். கணினி “அதையே எடுத்துக்கொள்கிறேன்” என்று சொல்ல, ரௌட்டர் “சரி” என்று உறுதி செய்யும். மொத்தம் நான்கு செய்திகள். கணினி 68ஆம் போர்ட்டிலும் ரௌட்டர் 67ஆம் போர்ட்டிலும் பேசிக்கொள்கின்றன. 1997இல் வெளியான தரநிலை இன்றும் இப்படியேதான் இயங்குகிறது.

கூவலுக்கு யாருமே பதில் சொல்லாவிட்டால், சில இயங்குதளங்கள் 169.254 வரிசையிலிருந்து குத்துமதிப்பாக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, வேறு யாரும் அதை வைத்திருக்கவில்லை என்று விசாரித்துவிட்டு, தற்காலிகமாக வைத்துக்கொள்ளும். இதற்கான தரநிலை 2005இல் வந்தது. அந்த முகவரியோடு ரௌட்டரைத் தாண்டிப் போக முடியாது.

ஆகவே 169.254 என்பதன் பொருள்: “நான் கேட்டேன், யாரும் பதில் தரவில்லை.” கணினியின் மென்பொருள் உயிரோடுதான் இருக்கிறது. பதில் ஏன் வரவில்லை என்பதைத்தான் தேட வேண்டும். நான் பார்க்கும் வரிசை இது: லோயர் அப் இருக்கிறதா, அதே கேபிளில் மடிக்கணினிக்கு முகவரி கிடைக்கிறதா, ரௌட்டரில் டிஎச்சிபி அணைந்து கிடக்கிறதா, கொடுக்க வேண்டிய முகவரிகள் தீர்ந்துவிட்டனவா. கடைசியாகச் சொன்னது நிஜமாகவே நடக்கும். ஐம்பது முகவரிகள் மட்டும் கொடுக்கும்படி அமைத்த ரௌட்டரில் போன்கள், டிவிகள், பல்புகள் என்று சேர்ந்துகொண்டே போனால் ஐம்பத்தொன்றாவது ஆள் வெளியேதான் நிற்க வேண்டும்.

ஒரு குறிப்பு. இணைப்புகளைக் கவனிக்க நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரலைப் பயன்படுத்தும் இயங்குதளங்களில் 169.254 பெரும்பாலும் வராது. ஐநெட் வரியே இல்லாமல் வெறுமையாக இருக்கும். பொருள் ஒன்றுதான்.

கேபிள் செருகியிருக்கிறேன். ஆனாலும் ‘நோ கேரியர்’ என்கிறது.

கேபிளை நம்பாதீர்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஒரு கம்பி விட்டுப்போயிருக்கும். வேறொரு கேபிள், ரௌட்டரில் வேறொரு போர்ட், இந்த இரண்டையும் மாற்றிப் பாருங்கள். போர்ட்டில் உள்ள சிறு விளக்கு எரிகிறதா என்றும் கவனியுங்கள்.

கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. ஜிகாபிட் வேகத்துக்கு நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தாலோ, ஜிகாபிட் போர்ட் 100இலேயே நின்றாலோ, ஒரு ஜோடி போய்விட்டது என்று சந்தேகிக்கலாம்.

வைஃபை இன்டர்ஃபேஸ் ‘டவுன்’ என்றே இருக்கிறது. கடவுச்சொல் சரிதான்.

கடவுச்சொல் வரைக்கும் விஷயம் போகவே இல்லாமல் இருக்கலாம். ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று அடித்துப் பாருங்கள். ‘சாஃப்ட் பிளாக்டு: யெஸ்’ என்று வந்தால் ரேடியோவே பூட்டப்பட்டிருக்கிறது. ராஸ்பெர்ரி பையின் இயங்குதளத்தில் வைஃபைக்கான நாட்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இப்படிப் பூட்டி வைத்திருக்கும். எந்த அலைவரிசையை எவ்வளவு சக்தியில் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாமல் அது வாயைத் திறக்காது. ‘ராஸ்பி கான்ஃபிக்’ மெனுவில் நாட்டைத் தேர்ந்தெடுத்ததும் திறந்துவிடும்.

பூட்டு இல்லையென்றால் அலைவரிசையைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை 3பி, ஜீரோ டபிள்யூ, ஜீரோ 2 டபிள்யூ ஆகியவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். ரௌட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால், பக்கத்திலேயே வைத்தாலும் அவற்றுக்கு அந்த நெட்வொர்க் கண்ணில் படாது.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். பழைய போன் சார்ஜரில் ஓடும் போர்டு, சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்கித் தடுமாறும். ராஸ்பெர்ரி பையில் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கை பதிவாகும். திரை இருந்தால் மின்னல் படம் தெரியும். வைஃபை தானாக அறுந்து அறுந்து வருகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன சார்ஜர் போட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான்.

வழிகாட்டியில் சொன்னபடி ‘டிஎச்சிபிசிடி டாட் கான்ஃப்’ கோப்பில் நிலையான முகவரி எழுதினேன். கணினி கண்டுகொள்ளவே இல்லை.

நீங்கள் எழுதியது தவறில்லை. அந்தக் கோப்பைப் படிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தில் 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பு முதல், முகவரி விஷயங்களை டிஎச்சிபிசிடி என்ற பழைய நிரலிடமிருந்து நெட்வொர்க் மேனேஜர் எடுத்துக்கொண்டது. இணையத்தில் இருக்கும் வழிகாட்டிகளில் பெரும்பகுதி அதற்கு முன்னால் எழுதப்பட்டவை. கோப்பு பிழையே இல்லாமல் சேமிக்கப்படும், மறுதொடக்கமும் ஆகும், முகவரி மட்டும் மாறாது. புதிதாக வருபவர்கள் தங்கள் மேலேயே சந்தேகப்படுவது இந்த இடத்தில்தான், அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

புதிய பதிப்பில் ‘சூடோ என்எம்டியூஐ’ என்று அடியுங்கள். எளிய மெனு ஒன்று திறக்கும். இணைப்பைத் தேர்ந்தெடுத்து, ஐபிவி4 பகுதியை ‘மேனுவல்’ ஆக்கி, முகவரி, கேட்வே (வெளியே போகும் வழியான ரௌட்டரின் முகவரி), டிஎன்எஸ் (இணையதளப் பெயருக்கு எண் முகவரி சொல்பவர்) மூன்றையும் எழுதுங்கள். முகவரியின் பின்னால், நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் /24 போட மறந்துவிடாதீர்கள். அதை விட்டுவிட்டால் ‘நான் மட்டுமே இந்த நெட்வொர்க்கில்’ என்று பொருளாகிவிடும், பக்கத்தில் இருப்பவர்கள் யாரும் தெரியமாட்டார்கள். எழுதி முடித்ததும் அந்த இணைப்பை ஒரு முறை அணைத்து இயக்கினால்தான் மாற்றம் நடப்புக்கு வரும். அந்த இணைப்பின் வழியாகவே தொலைவிலிருந்து நுழைந்திருந்தால் அணைக்காதீர்கள், வெளியே தள்ளப்பட்டுவிடுவீர்கள். மறுதொடக்கம் செய்துவிடுங்கள்.

முகவரி அடிக்கடி மாறிவிடுகிறது. நிலையாக வைக்க எது நல்ல வழி?

கணினியில் எழுதுவதைவிட ரௌட்டரில் ஒதுக்கீடு செய்வதே நல்லது என்பது என் கருத்து. இந்த மேக்குக்கு எப்போதும் இந்த முகவரி என்று ரௌட்டரிடம் சொல்லிவைத்துவிட்டால், கணக்கு ஒரே இடத்தில் இருக்கும். ரௌட்டரை மாற்றும் நாளில் கணினி பழைய கேட்வேயைக் கட்டிக்கொண்டு அழாது. புதிய ரௌட்டர் தருவதை வாங்கிக்கொண்டு பேசாமல் வேலை செய்யும்.

கணினியிலேதான் எழுத வேண்டும் என்றால், ரௌட்டர் பகிர்ந்துகொடுக்கும் எல்லைக்கு வெளியே ஓர் எண்ணை எடுங்கள். ரௌட்டர் 100 முதல் 200 வரை கொடுக்கிறது என்றால் 20, 30 என்று ஏதாவது.

ஒதுக்கீடு செய்தும் மாறுகிறதா? கேபிளின் மேக் வேறு, வைஃபையின் மேக் வேறு என்பதை மறந்து ஒன்றுக்கு மட்டும் ஒதுக்கியிருப்பீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. சில மலிவு போர்டுகளில் மேக் பொறிக்கப்படாமலேயே வருகிறது, ஒவ்வொரு முறை இயங்கும்போதும் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது மென்பொருள் வைத்த மேக் என்று தெரிந்துகொள்ளலாம். அதை அமைப்பில் நிலைநிறுத்திவிட்டுத்தான் ஒதுக்கீடு செய்ய வேண்டும்.

ரௌட்டர் முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் குத்தகைக்குத் தருகிறதாமே. அந்தக் காலம் தீர்ந்த நொடியில் முகவரி பறிபோய்விடுமா?

இல்லை. பாதிக் காலம் ஓடியதுமே கணினி புதுப்பிக்கக் கேட்டுவிடும். பதில் வராவிட்டால் 87.5 சதவீதக் காலத்தில் யாரிடமாவது கிடைக்குமா என்று மறுபடி கேட்கும். இரண்டும் தவறினால்தான் முகவரியைக் கைவிடும். 24 மணி நேரக் குத்தகையில், ரௌட்டர் நடுவில் சில நிமிடங்கள் தூங்கினாலும் உங்களுக்குத் தெரியாது.

இரண்டு கணினிகளுக்கு ஒரே முகவரி வந்துவிட்டது. எப்படிச் சாத்தியம்?

வழக்கமான காரணம், ஒன்றுக்குக் கையால் எழுதிய எண்ணை ரௌட்டர் அறியாமல் இன்னொன்றுக்குக் கொடுத்திருக்கும். அறிகுறி எளிது: இணைப்பு சில நிமிடம் நன்றாக இருக்கும், பிறகு அறுந்துபோகும், மீண்டும் வரும். சந்தேகத்துக்குரிய கணினியை அணைத்துவிட்டு அந்த முகவரியை பிங் செய்யுங்கள். அணைத்த பிறகும் பதில் வந்தால், வேறு யாரோ அங்கே குடியிருக்கிறார்கள். பிறகு ‘ஐபி நெய்’ என்று அடித்தால் அவருடைய மேக் தெரியும்.

வழக்கத்துக்கு மாறான காரணம் ஒன்றை நானே அனுபவித்தேன். உபுன்டு சர்வர் நிறுவிய ஒரு சிறு கணினி அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் மெமரி கார்டை அப்படியே நகலெடுத்து இரண்டாவது கணினியில் போட்டேன். இரண்டுக்கும் முகவரியை ரௌட்டர்தான் கொடுத்தது, கையால் எதையும் எழுதவில்லை. ஆனாலும் இரண்டும் 192.168.1.14 என்றே வந்து நின்றன. எஸ்எஸ்எச் வழியாக நுழைந்தால் ஒரு முறை இந்தக் கணினியில் இருப்பேன், மறுமுறை அந்தக் கணினியில். நான் சேமித்த கோப்பு காணாமல் போகும், பிறகு திரும்பி வரும். எஸ்எஸ்எச் சாவிகளும் நகல் என்பதால், ஆள் மாறிவிட்டது என்ற எச்சரிக்கைகூட வரவில்லை. பெயரும் ஒன்றே. கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு நாள் வீணாக்கினேன்.

விடை ஒரு சிறு கோப்பில் இருந்தது. ஈடிசி அடைவில் ‘மெஷின் ஐடி’ என்றொரு கோப்பு உண்டு. உபுன்டு சர்வரில் முகவரி கேட்கும் நிரல், தன்னை மேக்கைக் கொண்டு அறிமுகப்படுத்திக்கொள்ளாமல் அந்த ஐடியிலிருந்து பிறந்த அடையாளத்தைக் கொடுக்கிறது. நகலில் ஐடியும் ஒன்றே. ரௌட்டரின் பார்வையில் ஒரே ஆள் இரண்டு முறை வந்து கேட்டிருக்கிறார், அதே முகவரியைக் கொடுத்துவிட்டது. நகல் கணினியில் அந்தக் கோப்பை வெறுமையாக்கி மறுதொடக்கம் செய்தால் புதிய ஐடி உருவாகும். ‘வார்’ அடைவுக்குள் ‘லிப்’, அதற்குள் ‘டிபஸ்’ என்ற இடத்திலும் இதே பெயரில் தனிக் கோப்பு இருந்தால் அதையும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஐடி அங்கிருந்தே திரும்பி வந்துவிடும். எஸ்எஸ்எச் சாவிகளையும் கணினியின் பெயரையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள்.

கேபிள், வைஃபை இரண்டையும் இணைத்தால் வேகம் கூடுமா?

கூடாது. வெளியே போகும் பாதையைக் கணினி ஒன்றாகத்தான் தேர்ந்தெடுக்கும். ‘ஐபி ஆர்’ என்று அடித்தால் ‘டிஃபால்ட்’ என்று தொடங்கும் இரண்டு வரிகள் தெரியும். கடைசியில் மெட்ரிக் என்றோர் எண் இருக்கும். எண் சிறியதாக இருக்கும் வழியே முன்னுரிமை பெறும். நெட்வொர்க் மேனேஜர் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று இயல்பாக வைக்கிறது. கேபிள் அறுந்தால் வைஃபை கை கொடுக்கும், அந்த வகையில் நல்லதே.

ஆனால் குழப்பம் ஒன்று உண்டு. முகவரி இன்டர்ஃபேஸுக்கு உரியது என்று மேலே சொன்னேன். லினக்ஸ் அதில் கொஞ்சம் தாராளம். ஒரே நெட்வொர்க்கில் இரண்டு இன்டர்ஃபேஸ்களும் இருந்தால், வைஃபை முகவரியைத் தேடி வரும் கேள்விக்குக் கேபிள் வழியாகவும் பதில் போகும். அதனால் வைஃபை முகவரிக்கு பிங் வருகிறது என்பதை வைத்து வைஃபை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. சோதிக்கும்போது கேபிளைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

முகவரி சரியாக இருக்கிறது. ஆனாலும் இணையம் வரவில்லை.

பக்கத்திலிருந்து தூரத்துக்கு, ஒவ்வொரு படியாக பிங் செய்யுங்கள். முதலில் கேட்வே, அதாவது ஐபி ஆர் காட்டும் டிஃபால்ட் வரியில் உள்ள முகவரி. அதற்கே பதில் இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள்தான். கேட்வே பேசுகிறது, 1.1.1.1 பேசவில்லை என்றால் ரௌட்டருக்கு வெளியே. 1.1.1.1 பேசுகிறது, இணையதளப் பெயரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் டிஎன்எஸ். விளம்பரத் தடுப்பானை இதே கணினியில் ஓட்டுபவர்கள் கடைசி நிலையில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ரௌட்டர் எல்லோரையும் இந்தக் கணினியிடம் பெயர் கேட்கச் சொல்லும், கணினியோ ரௌட்டரிடம் கேட்கும், இருவரும் ஒருவரையொருவர் கை காட்டிக்கொண்டு நிற்பார்கள். தடுப்பான் ஓடும் கணினிக்கு வெளியிலுள்ள ஒரு டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்தால் அந்தச் சுழல் உடையும்.

பெயரும் கிடைக்கிறது, தளம் மட்டும் சான்றிதழ் பிழை காட்டுகிறது என்றால் ‘டேட்’ என்று அடித்து நேரத்தைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பையின் முதல் நான்கு தலைமுறைப் போர்டுகளில் மின்சாரம் இல்லாதபோது ஓடும் கடிகாரம் கிடையாது. ஐந்தில் உண்டு, அதற்கும் தனி பேட்டரி பொருத்த வேண்டும். நீண்ட மின்தடைக்குப் பிறகு எழுந்த கணினி பழைய தேதியில் வாழ்ந்துகொண்டிருக்கலாம்.

மற்ற சாதனங்கள் எல்லாம் 192.168.1 வரிசையில். இது மட்டும் 192.168.0 வரிசையில்.

வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இணையச் சேவை தந்தவர்கள் வைத்த பெட்டி ஒன்று, வைஃபை எட்டுவதற்காக நீங்கள் சேர்த்த ரௌட்டர் இன்னொன்று. இரண்டாவதை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் தரும் முறை) மாற்றுங்கள். அந்த முறை அதில் இல்லையென்றால் அதன் டிஎச்சிபியை அணைத்து, முதல் பெட்டியோடு மோதாத ஒரு முகவரியை அதற்குக் கொடுத்து, கேபிளை அதன் லேன் (வீட்டுக்குள் இணைப்பது) போர்ட்டில் செருகுங்கள், வான் (வெளியே இணைப்பது) போர்ட்டில் வேண்டாம்.

127.0.1.1 என்று காட்டுகிறதே?

‘ஹோஸ்ட்நேம்’ கட்டளைக்குப் பின்னால் சிறிய ஐ போட்டிருப்பீர்கள். டெபியன் வழி வந்த இயங்குதளங்கள் கணினியின் சொந்தப் பெயருக்கு ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்த முகவரியை எழுதிவைக்கும். சிறு கோடு போட்டுப் பெரிய எழுத்து ஐ கொடுத்தால் நிஜ முகவரிகள் வரும்.

172.17.0.1 யாருடையது? நான் வைக்கவில்லை.

நிரல்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் அடைத்து ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருளை நிறுவியிருப்பீர்கள். அந்தக் கன்டெய்னர்களுக்காக அது உள்ளே கட்டிக்கொண்ட பாலம் அது. விட்டுவிடுங்கள்.

ஒரே இன்டர்ஃபேஸில் ஐபிவி6 முகவரிகள் மூன்று, நான்கு வரிசையாக இருக்கின்றன. எதை வைத்துக்கொள்வது?

எல்லாவற்றையும். இதுவரை பார்த்த எண்கள் ஐபிவி4, அதற்கு அடுத்து வந்த நீளமான முகவரி வகைதான் ஐபிவி6. அதில் அதுதான் வழக்கம். ‘எஃப்ஈ80’ என்று தொடங்குவது அந்தக் கேபிளின் எல்லைக்குள் மட்டும் செல்லும், ரௌட்டர் இல்லாவிட்டாலும் வந்துவிடும். அதனால் அது ஒன்று மட்டும் இருந்தால் இணையம் வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். ‘எஃப்டி’ என்று தொடங்குவது வீட்டுக்குள் புழங்குவதற்கு. 2 அல்லது 3 என்ற எண்ணில் தொடங்குவது உலகம் முழுவதும் செல்லும்.

‘டெம்பரரி’ என்று குறிப்பிட்டிருப்பது, வெளித் தளங்கள் உங்களைப் பின்தொடராதபடி மாறிக்கொண்டே இருக்கும் முகவரி. லினக்ஸின் இயல்பு அமைப்பில் ஒரு நாளைக்கு மேல் புதிய இணைப்புகளுக்கு அதைப் பயன்படுத்தாது. அதை எங்காவது எழுதிவைத்துவிட்டு, நாளை வேலை செய்யவில்லையே என்று தேடாதீர்கள்.

என் முகவரி என்ன என்று சொல்லும் தளம் முற்றிலும் வேறோர் எண்ணைக் காட்டுகிறது.

அது ரௌட்டரின் வெளிமுகம். 10, 192.168, மற்றும் 172.16 முதல் 172.31 வரையிலான வரிசைகள் 1996 முதல் உள் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டவை, இணையத்தில் அவை செல்லாது. ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் உள்ள வெளி முகவரியே 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், சேவை தருபவர் பல வீடுகளை ஒரே முகவரியின் பின்னால் வைத்திருக்கிறார் என்று பொருள். அப்போது ரௌட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து உங்கள் கணினியை எட்ட முடியாது. தனிப் பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும், அல்லது ஐபிவி6 வழியாகவோ விபிஎன் வழியாகவோ போக வேண்டும்.

மறுதொடக்கத்துக்குப் பிறகு ஒரு சேவை மட்டும் எழுவதில்லை. கையால் தொடங்கினால் ஓடுகிறது.

அந்தச் சேவையின் அமைப்பில் 192.168.1.23 என்று குறிப்பிட்ட முகவரியில் காத்திருக்கச் சொல்லியிருப்பீர்கள். கணினி எழும்போது சேவை முந்திக்கொள்கிறது, வைஃபை இணைந்து முகவரி வாங்கச் சில நொடிகள் பிந்துகிறது. இன்னும் பிறக்காத முகவரியில் உட்காரப் பார்த்துத் தோற்று நின்றுவிடும். நீங்கள் கையால் தொடங்கும் நேரத்தில் முகவரி வந்துவிட்டிருக்கும், அதனால் ஓடுகிறது. 0.0.0.0இல் காத்திருக்கச் சொன்னால் எந்த முகவரி எப்போது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும். குறிப்பிட்ட முகவரியில் மட்டும்தான் வேண்டும் என்றால், சேவைக் கோப்பில் ‘நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட்’டுக்குப் பிறகு தொடங்கும்படி எழுதுங்கள். ‘ஆஃப்டர்’, ‘வான்ட்ஸ்’ இரண்டு வரிகளும் வேண்டும். முதல் வரியை மட்டும் எழுதினால் வரிசைதான் வரும், அந்த டார்கெட்டை எழுப்ப ஆள் இருக்காது.